ட்ரிப்பர் அடிக்கடி விழுந்தால் பெரிதாக மாற்றிவிடலாமா?

பெருந்துறைப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாதமாகக் காலையில் கீசர் போட்ட ஐந்து, பத்து நிமிடத்தில் போர்டில் இருக்கும் அகலமான ட்ரிப்பர் (கோளாறு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்து வீடு மொத்தமும் கரண்ட் போய்விடுகிறது. தூக்கிவிட்டால் சில நாள் நிற்கிறது, சில நாள் நிற்பதில்லை. மழை பெய்த ஒரு ராத்திரி கீசர் போடாமலேயே விழுந்திருக்கிறது. பார்க்க வந்தவர் "ட்ரிப்பர் வீக் ஆயிருச்சுங்க, பெரிசா ஒண்ணு மாத்திட்டா நின்னுரும்" என்றிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அந்த அகலமான ட்ரிப்பரே வேண்டாம், நேராகக் கொடுத்துவிடலாம் என்கிறார். எப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும் என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும்: கெட்டுப்போனது ட்ரிப்பரா, இல்லை ட்ரிப்பர் சரியாக இருந்து வேறெங்கோ கோளாறா? உங்களுக்கு யோசனை சொன்ன இரண்டு பேருமே அதைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். முதல் யோசனை வீட்டில் தீப்பிடிக்க வழி செய்யும். இரண்டாவது ஆளையே கொல்லக்கூடியது. ரெண்டையும் செய்ய வேண்டாம்.

நான் ஈரோடு, திருப்பூர் வட்டாரத்தில் வீட்டு ஒயரிங்கும் தறிக் கொட்டகை ஒயரிங்கும் பல வருஷமாகச் செய்துவருகிறேன். உங்கள் போர்டை நான் பார்க்கவில்லை, அதனால் எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகமாகச் சொல்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் எது விழுகிறது என்று பாருங்கள். போர்டில் வரிசையாக இருக்கும் ஒல்லியான ட்ரிப்பர்கள் எம்.சி.பி. அவற்றுக்குப் பக்கத்தில் இரண்டு மடங்கு அகலமாக, த்ரீ பேஸ் வீடானால் நான்கு மடங்கு அகலமாக, 'டி' (T) என்று போட்ட சின்னப் பொத்தானோடு இருப்பது ஆர்.சி.சி.பி. பழைய ஆட்கள் இதை இ.எல்.சி.பி. என்பார்கள். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. ஆர்.சி.சி.பி. காப்பாற்றுவது மனுஷனை. வீடு மொத்தமும் போகிறது, அகலமானது விழுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால் உங்கள் வீட்டில் விழுவது ஆர்.சி.சி.பி.தான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

எம்.சி.பி. இரண்டு காரணத்துக்காக விழும். ஒன்று ஷார்ட். கரண்ட் உள்ளே வரும் பேஸ் ஒயரும் அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரும் ஒட்டிக்கொண்டால் கரண்ட் பல மடங்கு பாயும், உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி அந்த நொடியே தட்டிவிடும். தூக்கினதும் டப்பென்று விழுந்தால் அது ஷார்ட் என்றே நினைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள். இன்னொன்று ஓவர்லோடு. உள்ளே இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. அது சூடேறி வளைந்து தட்டிவிட நேரம் பிடிக்கும். 16 ஆம்பியர் எம்.சி.பி. 18 ஆம்பியரில் ஒரு மணி நேரம் வரை விழக்கூடாது, 23 ஆம்பியர் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பதுதான் அதன் தரக்கணக்கு. 2000 வாட்ஸ் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். 2000 வாட்ஸ் இண்டக்சன் அடுப்பும் அதே 8.7. இரண்டும் ஒரே லைனில் ஓடினால் 17.4, ட்ரிப்பர் தாங்கும். யாராவது அதே லைனில் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸையும் செருகினால் 21.7. இது நடுவில் இருக்கும் அளவு. ஒரு நாள் அரை மணியில் விழும், இன்னொரு நாள் விழாமலே துணி தேய்த்து முடிந்துவிடும். "சில நாள் விழுது, சில நாள் விழல, ட்ரிப்பர் வீக்" என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இதுதான். அப்படி விழுந்தால் கொஞ்சம் ஆறவிட்டு, கைப்பிடியை முழுசாகக் கீழே இறக்கிவிட்டு அப்புறம் தூக்க வேண்டும்.

இந்த இடத்தில் 32 ஆம்பியர் போட்டால் என்ன ஆகும்? சுவருக்குள் போகும் ஒயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். என்று வையுங்கள், வீட்டு பவர் பிளக்குக்கு வழக்கமாக இழுப்பது அதுதான். பைப்புக்குள் அடைந்து கிடக்கும் அந்த ஒயர் சுமார் 20 ஆம்பியரை நிம்மதியாகத் தாங்கும். 32 ஆம்பியர் ட்ரிப்பரோ 46 ஆம்பியர் வரைக்கும் ஒரு மணி நேரம் சும்மா இருக்கலாம். அதுவரை சுவருக்குள் ஒயர் வேகும். சாதாரண பி.வி.சி. ஒயரின் தாங்கும் அளவு 70 டிகிரி. அதைத் தாண்டித் தாண்டிச் சூடானால் மேல் தோல் விறைத்து, வெடித்து, உதிரும். பழைய பியூஸ் கேரியரில் ஒற்றை இழைக்குப் பதில் நாலு இழை முறுக்கிப் போட்டதும் இதே தப்புதான், பொருள்தான் மாறியிருக்கிறது. ட்ரிப்பரின் ஆம்பியரை ஒயரின் கனத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய லோடு வேண்டுமென்றால் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். ஒயர் தனியாக இழுத்து, அதற்குத் தனி எம்.சி.பி. போடுங்கள். செலவு வரும்தான், குறுக்கு வழி கிடையாது.

ஓவர்லோடும் இல்லாமல் ஷார்ட்டும் இல்லாமல் எம்.சி.பி. விழ இன்னொரு வழி இருக்கிறது. ட்ரிப்பருக்குள் ஒயரைப் பிடிக்கும் திருகு தளர்ந்து போனால் அந்த இடமே சூடாகும், அந்தச் சூடு உள்ளே இருக்கும் பட்டையை வளைத்துவிடும். போர்டு மூடியைக் கழற்றினால் தெரிந்துவிடும்: ஒயரின் சிவப்புத் தோல் நுனியில் ஒரு அங்குலத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் பிஸ்கட் மாதிரி உடையும், செம்பு கறுத்திருக்கும், மீன் கருகின மாதிரி ஒரு வாடை இருக்கும். அந்த வாடை வந்தால் மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம், மெயினை இறக்கிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நம் பக்கம் வீட்டிலேயே போர் மோட்டார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாயந்திரம் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், கிளம்பும்போது ஓட்டத்தில் இழுப்பதைப் போல் பல மடங்கு இழுக்கும். மோட்டார் லைனில் மட்டும் விழுகிறது என்றால் முதலில் வோல்டேஜைப் பாருங்கள், எம்.சி.பி. மேல் 'பி' (B) போட்டிருக்கிறதா, 'சி' (C) போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். 'பி' தன் மேல் எழுதிய ஆம்பியரைப் போல் 3 முதல் 5 மடங்கிலேயே உடனே தட்டிவிடும், 'சி' 5 முதல் 10 மடங்கு வரை பொறுக்கும். மோட்டாருக்கு 'சி'தான் சரி.

இனி உங்கள் கதைக்கு வருவோம். ஆர்.சி.சி.பி. செய்வது ஒரே ஒரு கணக்கு. பேஸ் வழியாக உள்ளே போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வந்ததா? வரவில்லையென்றால் எங்கேயோ மண்ணுக்குக் கசிகிறது. வீட்டுக்குப் போடும் ஆர்.சி.சி.பி.யில் 30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருக்கும். கசிவு அந்த அளவை எட்டினால் 0.3 நொடிக்குள் அது விழுந்தாக வேண்டும், 15-ஐத் தாண்டினாலே விழலாம். எவ்வளவு லோடு ஓடுகிறது என்பதை அது பார்ப்பதே இல்லை. அதனால் ஆம்பியரைப் பெரிதாக்கினாலும் இது விழுவது நிற்காது. 100, 300 மில்லி ஆம்பியருக்கு மாற்றினால் நிற்கலாம், ஆனால் அந்த அளவில் அது ஆளைக் காப்பாற்றாது.

கீசர் போட்ட பின் விழுகிறது என்பதை வைத்து நான் முதலில் சந்தேகப்படுவது அதன் எலிமென்ட்டை. இது ஊகம்தான், ஆனால் நம் ஊரில் அடிக்கடி பலிக்கிற ஊகம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு எலிமென்ட் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவமாக ஏறும். அந்தப் படிவம் சூட்டைத் தண்ணீருக்கு விடாது, அதனால் எலிமென்ட் குழாய் தன் சூட்டிலேயே வெந்து, அரித்து, மயிரிழை போல் வெடிக்கும். உள்ளே கம்பியைச் சுற்றி இருக்கும் வெள்ளைத் தூளில் ஈரம் இறங்கும், கசிவு தொடங்கும். கழற்றி வெளியே எடுத்தால் எலிமென்ட்டே தெரியாது, கல் மாதிரி ஓடு கட்டி இருக்கும். அதைத் தட்டி எடுத்த பிறகுதான் வெடிப்பு கண்ணில் படும். எலிமென்ட் மாற்றுவது பெரிய செலவில்லை. மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும், தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கம்பி கரைந்து முடிந்திருந்தால் அடுத்து அரிபடப்போவது தொட்டி.

மழைநாளில் கீசர் இல்லாமல் விழுந்தது வேறு கோளாறாக இருக்கலாம். வாசல் கேட் விளக்கு, மொட்டை மாடி பிளக், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வாஷிங் மெஷினுக்குக் கொடுத்த லைன், ஓதம் இறங்கும் சுவரில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸ் எல்லாம் ஈரத்தில் கசியும் இடங்கள். கேட் விளக்கைக் கழற்றினால் உள்ளே எறும்புப் புற்றும் தண்ணீரும் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கும் பெரிய கசிவு இல்லாமல் சின்னச் சின்னதாகச் சேர்ந்தும் விழும். கம்ப்யூட்டர், வாஷிங் மெஷின், எல்.இ.டி. விளக்குகள் நல்ல நிலையிலேயே ஆளுக்கு ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசியவிடும். ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு கசிந்துகொண்டிருக்கும் வீட்டில், ஈரத்தால் இன்னும் கொஞ்சம் ஏறினால் போதும்.

நீங்களே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். பகல் வெளிச்சத்தில், காய்ந்த கையோடு, காலில் செருப்புப் போட்டுக்கொண்டு செய்யுங்கள். வீட்டில் இருக்கும் எல்லா பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் எர்த்தில் பட்டிருந்தால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். பிறகு எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஆர்.சி.சி.பி.யை மட்டும் தூக்குங்கள். நின்றால் எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக, இடையில் ஒரு நிமிடம் விட்டுத் தூக்குங்கள். எதைத் தூக்கியதும் விழுகிறதோ பெரும்பாலும் அந்த லைனில்தான் கோளாறு. எல்லாம் நின்றால் பொருள்களை ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள், கீசரைக் கடைசியில். கீசரைத் தொடாமல், பாத்ரூமுக்கு வெளியே நின்று சுவிட்சைப் போடுங்கள். எது எதைப் போட்டபோது விழுந்தது, எத்தனை நிமிடம் கழித்து விழுந்தது, மழை இருந்ததா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். வருகிறவருக்கு அந்தத் தாள் அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும். உங்கள் வேலை அதோடு முடிந்தது. போர்டைத் திறப்பதும், கீசர் மூடியைக் கழற்றுவதும் உங்கள் வேலையல்ல.

இந்தச் சோதனையில் பிடிபடாத ஒன்றும் உண்டு, இன்வெர்ட்டர். பிற்பாடு இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் அதன் லைட் லைனின் நியூட்ரலை ஏதோ ஒரு பாக்ஸில் வேறு லைனின் நியூட்ரலோடு முறுக்கி விட்டிருப்பார்கள். போன கரண்ட் வேறு வழியில் திரும்பும், ஆர்.சி.சி.பி. கணக்கில் இடிக்கும். காங்கேயம் ரோட்டில் ஒரு வீட்டில் இரண்டு ஆர்.சி.சி.பி. மாற்றியும் நிற்கவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். ஈ.பி. கரண்ட் திரும்பி வரும் நேரத்தில்தான் விழுகிறது என்று அந்த வீட்டுப் பாட்டி சொன்னார். மாடிப்படி பாக்ஸைத் திறந்தால் மூன்று நியூட்ரல் ஒரே முடிச்சில் இருந்தன. அவற்றைப் பிரித்துக் கொடுத்ததும் நின்றது. பழைய ட்ரிப்பர்கள் இரண்டுமே நல்லவை.

ஆர்.சி.சி.பி.யை எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். "எர்த் இருக்குதல்லங்க, அப்புறம் எதுக்கு இது?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே சுக்கான், அதற்கும் கீழே பாறை. வீட்டு எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றியே வருஷக்கணக்காகியிருக்கும். அந்த வழியில் மொத்தம் 10 ஓம்ஸ் தடை இருக்கிறது என்று வையுங்கள், கோடையில் இதைவிட மோசமாகவே இருக்கும். கீசரின் உடம்பில் பேஸ் முழுசாகப் பட்டாலும் 230-ஐப் பத்தால் வகுத்தால் 23 ஆம்பியர்தான் எர்த்தில் பாயும். 16 ஆம்பியர் 'சி' எம்.சி.பி. உடனே விழ 80-இலிருந்து 160 ஆம்பியர் வேண்டும். 23-க்கு அது ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். 20 ஓம்ஸ் ஆனால் 11.5 ஆம்பியர், எம்.சி.பி. விழவே விழாது. அத்தனை நேரமும் கீசர் உடம்பிலும் குழாயிலும் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் நிற்கும், நனைந்த உடம்போடு ஒருவர் ஷவரைத் திருப்புவார். மோசமான எர்த்திலும் வேலை செய்கிற ஒரே காவல் ஆர்.சி.சி.பி.தான். நம் ஊர் வீடுகளுக்கு அது ஆடம்பரச் செலவு என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கே போவேன்.

இதைவிடக் கொடுமையான ஒரு வேலையும் நடக்கிறது. கீசரின் எர்த் ஒயரை மட்டும் கழற்றிவிடுவார்கள். கசிவு போக வழியில்லாமல் ட்ரிப் ஆவது நின்றுவிடும், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கீசர் உடம்பில் கரண்ட் அப்படியே காத்திருக்கும், மண்ணுக்குப் போகும் வழியாக அடுத்துத் தொடுகிற ஆள் ஆவார். யாராவது வந்து பார்த்துவிட்டு எதையும் மாற்றாமலே ட்ரிப் நின்றது என்றால், எர்த் ஒயர் இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள்.

சரி, எப்போது கூப்பிட வேண்டும்? எல்லாப் பிளக்கையும் கழற்றிய பிறகும் நிற்காவிட்டால். தூக்கினதும் டப்பென்று விழுந்தால். சுவிட்ச் போர்டோ பிளக்கோ கை வைத்தால் சுட்டால், அல்லது உள்ளே சிர்ரென்று சத்தம் கேட்டால். குழாய், வாஷிங் மெஷின், கிரைண்டர் எதைத் தொட்டாலும் லேசாகச் சுர்ரென்றால். போர்டுக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் அன்றைக்கே கூப்பிடுங்கள். லேசான ஷாக்தானே என்று விடாதீர்கள். காய்ந்த காலுக்கு லேசாக இருப்பது நனைந்த காலுக்கு அப்படி இருக்காது. த்ரீ பேஸ் வீட்டில் சில விளக்கு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்து, சில விளக்கு மங்கினால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். 230 வோல்ட் பொருளுக்கு 400 வரைக்கும் ஏறலாம். ஒரு நிமிடமும் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். அறுந்தது கம்பத்துப் பக்கமாக இருந்தால் அது ஈ.பி. வேலை, தனியார் எலக்ட்ரீஷியன் ஏறக்கூடாது. ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து சர்வீஸ் ஒயர் தொங்கினாலும் அப்படித்தான். ஈ.பி.யின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

மாறாக, எந்தப் பொருளைச் செருகினால் விழுகிறது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டால், அதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை ஓட்டலாம். அந்தப் பொருளைப் பழுதுபார்க்கக் கொடுங்கள், போதும். இடி விழுந்த ராத்திரி ஒரு தடவை விழுந்து, தூக்கியதும் நின்று, அப்புறம் விழவேயில்லை என்றாலும் பதற வேண்டாம்.

ஆள் தேடும்போது தமிழ்நாடு அரசின் மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த கம்பியாளர் சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள், நாணயமானவர் கோபப்பட மாட்டார். அடுத்து, மெக்கர் கொண்டுவருவீர்களா என்று கேளுங்கள். ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே காப்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளக்கும் கருவி அது. டெஸ்டரை மட்டும் வைத்துக்கொண்டு கசிவைத் தேட முடியாது. நியான் டெஸ்டர் சும்மா பக்கத்து ஒயரின் தூண்டலுக்கே லேசாக எரியும், எரியாவிட்டாலும் லைன் செத்துவிட்டது என்று நம்ப முடியாது. அளக்காமலே "ட்ரிப்பர் போச்சு" என்கிறவரிடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேளுங்கள். ஆர்.சி.சி.பி.யும் கெட்டுப்போகும், இல்லையென்று சொல்லவில்லை. வெளியே போகும் ஒயர்களையெல்லாம் கழற்றியும் அது நிற்காவிட்டால் அதுவே கெட்டது. லைன் இருக்கும்போது 'டி' பொத்தானை அழுத்தி விழாவிட்டாலும் கெட்டதுதான். இந்த இரண்டாவது வகை ரொம்ப ஆபத்தானது, ஏனென்றால் அது தொந்தரவே கொடுக்காமல் போர்டில் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது: இன்றைக்கே கீசர் பிளக்கைக் கழற்றுங்கள், அது பிளக் இல்லாமல் நேராகக் கொடுத்திருந்தால் அதன் எம்.சி.பி.யை இறக்கி வையுங்கள். நான்கைந்து நாள் அப்படியே ஓட்டிப் பாருங்கள், குளிக்க அடுப்பில் தண்ணீர் காயட்டும். விழாவிட்டால் எலிமென்ட் மாற்றுகிறவரைக் கூப்பிடுங்கள். அப்போதும் விழுந்தால், நீங்கள் பிளக்கைக் கழற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் இறக்கியிருந்த பட்சத்தில், அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும் என்பதால் கீசர் இன்னும் சந்தேகத்திலிருந்து விடுபடவில்லை. வருகிறவரிடம் கீசரின் நியூட்ரலையும் கழற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, கேட் விளக்கு லைனிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.